அப்பாவோட பஸ் இன்ஜின் போயிடுச்சு: நாமளே மாத்தினா மிச்சமா, நஷ்டமா?



இந்த சேனல்ல வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹோம் லோன்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும், பொறுத்துக்கோங்க. விஷயம் பஸ் இன்ஜின். ஆனா பணம் உங்க சம்பளப் பணம்.

ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் நிறைய வீடுகள்ல இப்படி ஒரு கதை இருக்கு. பையனோ பொண்ணோ நல்ல கம்பெனியில வேலை, மாசம் 40,000, 45,000 சம்பளம். அப்பா ஒரு பழைய பஸ் வச்சிருக்கார். மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஸ்டாஃப் ட்ரிப் அடிக்கிறார், இல்லன்னா ஒரு ஸ்கூலுக்கு ஓட்டுறார். வீடு ஓடுறது அந்த பஸ்ஸுலதான். திடீர்னு ஒரு நாள் இன்ஜின் உட்கார்ந்துடும். அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேச்சு வரும். ஒண்ணு: "தம்பி, உன் பேர்ல லோன் கிடைக்குமா?" இன்னொண்ணு: "லேபர் எதுக்கு தண்டமா? தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் இருக்கார், நாமளே இறக்கி ஏத்திடலாம்."

இந்த ரெண்டு பேச்சுக்கும் உணர்ச்சியில பதில் சொல்லாம, கணக்குல பதில் சொல்றதுதான் இந்தப் பதிவு. இன்ஜின் வேலையில பில்லுல எழுதாத ஒரு செலவு இருக்கு: வண்டி நிக்கிற நாள். நாமளே பண்ணலாமா, பட்டறைக்கு விடலாமான்னு முடிவு பண்ணப் போறது அந்த வரிதான்.

நம்ம ஏரியாவுல இந்த யோசனை ஏன் வருது?

வேற ஊர்ல "பஸ் இன்ஜினை நாமளே மாத்தலாம்"னு சொன்னா சிரிப்பாங்க. இங்க சிரிக்க மாட்டாங்க. காரணம் இருக்கு. 1948-ல் அசோக் மோட்டார்ஸ்னு தொடங்கி, எண்ணூர்ல ஆஸ்டின் கார் அசெம்பிள் பண்ணின கம்பெனிதான், 1955-ல் அசோக் லேலண்ட் ஆச்சு. எழுபது வருஷத்துக்கு மேல இந்த மண்ணுல பஸ், லாரி இன்ஜின் தெரிஞ்ச கைகள் உருவாகியிருக்கு. ரிட்டயர் ஆன ஃபிட்டர், லேத் பட்டறை வச்சிருக்கிற மாமா, ஸ்பேர் கடை வச்சிருக்கிற அண்ணன்னு தெருவுக்கு ஒருத்தர் இருப்பார்.

பழைய மெக்கானிக்குங்க பேசும்போது "இது 370, அது 400"னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அது இன்ஜினோட கொள்ளளவு, கன அங்குலத்துல. 370ன்னா சுமார் 6 லிட்டர், 400ன்னா சுமார் 6.5 லிட்டர். உங்க பைக் 150 சிசின்னா, ஒரு 400 இன்ஜின் அதைப் போல நாப்பது மடங்குக்கு மேல. இந்த அளவு மனசுல இருந்தா, அடுத்து வர்ற விஷயம் ஏன் விளையாட்டில்லன்னு புரியும்.

முதல்ல: உண்மையிலேயே இன்ஜின்தான் போச்சா?

"இன்ஜின் போச்சு"ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள நாலு விதமான செலவு ஒளிஞ்சிருக்கு.

- புகை அதிகம், இழுவை இல்ல: நாசில், பம்ப், டர்போ பிரச்சனையா இருக்கலாம். இதுக்கு இன்ஜினை இறக்கவே வேண்டாம்.
- ஆயில்ல தண்ணி கலந்து பால் மாதிரி ஆகுது: ஹெட் கேஸ்கட், ஆயில் கூலர், லைனர் சீல் ஏதாவது ஒண்ணு. சில நேரம் ஹெட்டை மட்டும் கழட்டினா போதும்.
- ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா குபுகுபுன்னு காத்து அடிக்குது, ஆயில் குறையுது: ரிங், பிஸ்டன், லைனர் தேஞ்சிருக்கு. இது இன்ஜின் வேலை.
- அடியில டொக் டொக் சத்தம், ஆயில் பிரஷர் இல்ல, இல்லன்னா சுத்தவே மாட்டேங்குது: கிராங்க், பேரிங் வரைக்கும் போயிருக்கு. இங்கதான் "மாத்தணுமா"ங்கிற கேள்வியே வருது.

கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணி, ஆயிலை இறக்கிப் பார்த்து, முடிஞ்சா ரெண்டாவது மெக்கானிக்கிட்டயும் காட்டி முடிவு எடுங்க. அதுக்கு ஆகுற சில ஆயிரம் ரூபாய் வீண் இல்ல. இன்னொரு விஷயம், இன்ஜின் ஏன் போச்சுன்னு காரணம் தெரியாம புது இன்ஜின் வைக்காதீங்க. ரேடியேட்டர் அடைச்சு, சூடாகி, இன்ஜின் ஜாம் ஆகியிருந்தா, அதே ரேடியேட்டரோட வைக்கிற அடுத்த இன்ஜினுக்கும் அதே கதிதான்.

"நாமளே மாத்துறது"ன்னா என்னென்ன வேலை?

முன்பக்க இன்ஜின் பஸ்ஸை எடுத்துக்குவோம். டிரைவர் பக்கத்துல பெரிய மூடி போட்டு இருக்குமே, அது. பேட்டரி கனெக்‌ஷனை கழட்டணும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கணும். தண்ணி, ஆயில் இறக்கணும். முன்பக்க கிரில், ரேடியேட்டர், இருந்தா இன்டர்கூலர் எல்லாம் வெளிய வரணும். டீசல் லைன், சைலன்சர் பைப், வயரிங், ஆக்சிலரேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப் ஹோஸ், ஏர் கம்ப்ரசர் லைன் எல்லாத்தையும் பிரிக்கணும். கியர் பாக்ஸுக்கு அடியில தனியா முட்டுக் கொடுத்து, பெல் ஹவுசிங் போல்ட்டுகளைக் கழட்டி, மவுண்டிங்கை விடுவிச்சு, செயின் பிளாக்குல தூக்கி முன்பக்கமா வெளிய எடுக்கணும். ஏத்தும்போது இதே வேலை தலைகீழா.

தொங்கப் போற எடை நானூறு, ஐநூறு கிலோ. அந்த எடையை உண்மையிலேயே தாங்குற ஸ்டாண்டும் செயின் பிளாக்கும் வேணும். தொங்குற இன்ஜினுக்குக் கீழ ஒரு கை கூட போகக் கூடாது. வீட்டு வாசல் மரக்கிளையில கட்டித் தூக்குறது மிச்சம் பிடிக்கிற வழி கிடையாது. ஒரு எலும்பு முறிவு ஆஸ்பத்திரி பில் மொத்த லேபரையும் சாப்பிட்டுடும்.

ஏர் கம்ப்ரசரை சொன்னேன் பாருங்க, அதை மறுபடி கவனிங்க. பஸ்ஸோட பிரேக்குக்கு வேண்டிய காத்தை இன்ஜின்தான் அடிச்சுத் தருது. அதனால இன்ஜின் வேலைன்னா பிரேக் வேலையும் சேர்ந்ததுதான். லைன்ல கசிவு இருக்கான்னு பார்க்காம, காத்து முழுசா ஏறுதான்னு பார்க்காம வண்டியை ரோட்டுக்கு எடுக்கவே கூடாது. உள்ள உட்காரப் போறது நாப்பது, ஐம்பது பேர்.

இன்ஜின் வெளிய இருக்கும்போது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பின்பக்க ஆயில் சீல், மவுண்டிங் ரப்பர், ஹோஸ், பெல்ட் எல்லாத்தையும் பார்த்துடணும். தேஞ்சிருந்தா அப்பவே மாத்திடுங்க. ஒரு சின்ன சீலுக்காக ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி கியர் பாக்ஸை இறக்குறது ரொம்ப காஸ்ட்லி சிக்கனம்.

எந்த வண்டிக்கு இது சாத்தியம்? பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினா இருந்தா, அனுபவசாலி மெக்கானிக் ஒருத்தர் கூட இருந்தா சாத்தியம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டின்னா ஈசியூ, சென்சார், யூரியா சிஸ்டம், லேப்டாப் வச்சுப் பார்க்க வேண்டிய வேலைன்னு நிறைய இருக்கு. அதை நேரா சர்வீஸ் சென்டருக்கு விட்டுடுங்க. "நாமளே"ங்கிற பேச்சுக்கு அங்க இடமில்ல.

நிக்கிற நாளோட விலை

இப்போ கணக்குக்கு வருவோம். கீழ இருக்கிறது எல்லாம் உதாரண எண்கள். உங்க வீட்டு எண்ணைப் போட்டுக்கோங்க, முறை அதேதான்.

ஸ்டாஃப் ட்ரிப்புக்கு கம்பெனி ஒரு நாளைக்கு ₹3,600 தருதுன்னு வைங்க. டீசல், தினசரிச் செலவு ₹1,400. டிரைவர் சம்பளம் ₹800. கையில நிக்கிறது ₹1,400.

பஸ் நின்னா காண்ட்ராக்ட் நிக்காது. மாத்து வண்டி அனுப்பியாகணும். அது டிரைவர், டீசலோட ₹4,800. உங்க டிரைவரை வீட்டுக்கு அனுப்பினா வேற இடத்துக்குப் போயிடுவார், அதனால அவருக்கும் ₹800. வரவு ₹3,600, செலவு ₹5,600. கையில இருந்து போறது ₹2,000.

ஓடினா ₹1,400 வரும், நின்னா ₹2,000 போகும். அப்போ நிக்கிற ஒரு நாளோட விலை ₹3,400.

இப்போ ரெடியா கிடைக்கிற ஒரு இன்ஜினை மாட்டணும்னு வைங்க.

- பட்டறையில: லேபர் ₹30,000, நாலு நாள். நின்ன செலவு ₹13,600. மொத்தம் ₹43,600.
- நாமளே: லேபர் இல்ல, செயின் பிளாக், ஸ்டாண்ட், டூல் வாடகை ₹6,000. நீங்க ஆபீஸ் முடிஞ்சு வந்து, சனி ஞாயிறு பார்த்து, நடுவுல ஒரு போல்ட் கிடைக்காம அலைஞ்சு, 12 நாள். நின்ன செலவு ₹40,800. மொத்தம் ₹46,800.

ரெண்டு வாரம் கையெல்லாம் கருப்பாகி, தூக்கம் கெட்டு வேலை பார்த்ததுக்கு ₹3,200 நஷ்டம். நீங்க சம்பளம் இல்லாத லீவு போட்டிருந்தா அதையும் இதோட கூட்டிக்கணும்.

ஒரு வரி ஃபார்முலா வேணும்னா: நாமளே பண்றதால மிச்சமாகுற லேபரை, நிக்கிற ஒரு நாளோட விலையால வகுத்துக்கோங்க. இங்க மிச்சம் ₹24,000. அதை ₹3,400-ஆல வகுத்தா ஏழு நாள். பட்டறையை விட ஏழு நாளுக்குள்ள கூடுதலா எடுத்தீங்கன்னா லாபம், தாண்டினா நஷ்டம்.

காசிமேட்டுக்காரங்க இந்தக் கணக்கை எப்பவோ போட்டுட்டாங்க

இந்த பாடத்தை யார்கிட்ட கத்துக்கணும்னா, ராயபுரத்துக்குப் பக்கத்துலயே இருக்கிற காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல. அங்க இருக்கிற பல விசைப்படகுகள்ல ஓடுறதும் லேலண்ட் டீசல் இன்ஜின்தான், கடலுக்கு ஏத்த மாதிரி தயாரிச்சது. அந்த இன்ஜினுக்கும் தேய்மானம் உண்டு, இறக்கி ஏத்துற வேலை உண்டு.

ஆனா எப்போ செய்றாங்க? நம்ம கிழக்குக் கடற்கரையில ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். எப்படியும் படகு கரையிலதான் நிக்கும். அந்த நேரத்துலதான் மரவேலை, பெயின்ட், வலை, இன்ஜின் வேலை எல்லாம் நடக்கும். நிக்கிற நாளோட விலை பூஜ்யமா இருக்கிற நேரம் பார்த்து, பெரிய வேலையைத் திறக்குறாங்க.

பஸ்ஸுக்கும் இதே மாதிரி காலம் இருக்கு. ஸ்கூல் பஸ்ஸா இருந்தா ஏப்ரல் கடைசி, மே மாசம் முழுக்க நிக்கும். ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி எப்படியும் ஆர்டிஓ, போலீஸ் சேர்ந்து பண்ற வருடாந்திர ஆய்வுக்கு வண்டியைக் காட்டணும். அந்த மாசத்துல நாமளே பண்ணினா மேல சொன்ன கணக்கே மாறிடும்: நாமளே ₹6,000, பட்டறை ₹30,000. ₹24,000 முழுசா மிச்சம். வேலையும் ஆளும் அதேதான், மாறினது காலண்டர் மட்டும். ஸ்டாஃப் பஸ்ஸுக்கும் தொழிற்சாலை வருடாந்திர பராமரிப்புக்கு மூடுற நாட்கள் இருந்தா முன்கூட்டியே கேட்டு வச்சுக்கோங்க.

எந்த இன்ஜின்? மூணு வழி

யார் மாட்டுறதுங்கிறதை விட, எதை மாட்டுறதுங்கிறது பெரிய முடிவு. வழக்கமா மூணு வழி முன்னாடி வரும்.

1. நம்ம இன்ஜினையே பிரிச்சு, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாத்தி, கிராங்க் கிரைண்டிங் பண்ணி, ஹெட்டை சரி பண்றது. லேபரோட ₹1,60,000, 15 நாள்னு வைங்க. நின்ன செலவு ₹51,000. மொத்தம் ₹2,11,000. நாலு வருஷம் ஓடும்னு எதிர்பார்ப்பு.
2. பழைய இன்ஜினைக் கொடுத்துட்டு, ரீகண்டிஷன் பண்ணின இன்ஜினை வாரண்டியோட வாங்குறது. இன்ஜின் ₹2,30,000, லேபர் ₹30,000, நாலு நாள் நின்ன செலவு ₹13,600. மொத்தம் ₹2,73,600. ஆறு வருஷம்.
3. காயலாங்கடையிலயோ பிரிச்ச வண்டியிலயோ இருந்து பழைய இன்ஜின் வாங்குறது. இன்ஜின் ₹1,10,000, லேபரும் நின்ன செலவும் சேர்த்து மொத்தம் ₹1,53,600. ரெண்டு வருஷம் ஓடினா அதிர்ஷ்டம்.

மொத்தத்தைப் பார்த்தா மூணாவதுதான் சீப். மாசத்துக்கு வகுத்துப் பாருங்க. முதல் வழி சுமார் ₹4,400. ரெண்டாவது ₹3,800. மூணாவது ₹6,400. சீப்பா தெரிஞ்சதுதான் இருக்கிறதுலயே காஸ்ட்லி.

ஆனா அவசரப்பட்டு ரெண்டாவதை எடுத்துடாதீங்க. இன்ஜின் ஆறு வருஷம் ஓடும், பஸ் ஓடுமா? பாடி துருப்பிடிச்சு, எப்படியும் மூணு வருஷத்துல விக்கப் போறீங்கன்னா, வகுக்க வேண்டியது 72 மாசத்தால இல்ல, 36 மாசத்தால. அப்போ ரெண்டாவது வழி மாசம் ₹7,600 ஆகுது. முதல் வழி சுமார் ₹5,860-தான். முடிவு தலைகீழ்.

அதனால பஸ்ஸுக்கு இன்னும் எத்தனை வருஷம்னு நேர்மையா கேளுங்க. எட்டு வயசு தாண்டின கமர்ஷியல் வண்டிக்கு ஒவ்வொரு வருஷமும் எஃப்சி. வயசு ஏற ஏற எஃப்சி கட்டணமும் ஏறும். சந்தையும் மாறுது: 2025 ஜூன் 30 அன்னைக்கு எம்டிசியோட 120 எலக்ட்ரிக் பஸ் வியாசர்பாடி டெப்போவுல இருந்து கிளம்பிச்சு, நம்ம வடசென்னையிலயேதான். உங்க கம்பெனி அடுத்த காண்ட்ராக்ட்ல என்ன வண்டி கேட்கும்னு இப்பவே விசாரிச்சுடுங்க.

"போன வருஷம்தான் ஒரு லட்சம் போட்டு பாடி வேலை பார்த்தேன், இப்போ எப்படி விக்கிறது?"ன்னு அப்பா சொல்லலாம். அவர் வலி நியாயம். ஆனா அந்த ஒரு லட்சம் எந்த முடிவு எடுத்தாலும் திரும்ப வராது. இனிமே போடப் போற பணம், இனிமே வரப் போற பணம், இது ரெண்டு மட்டும்தான் கணக்கு. இதை அவர்கிட்ட மெதுவா சொல்லுங்க. எக்செல் ஷீட்டைத் தூக்கி மூஞ்சியில காட்டாதீங்க.

பேப்பர் வேலையை விட்டா மொத்தமும் வீண்

ஆர்சியில இன்ஜின் நம்பர் இருக்கு. இன்ஜின் மாறினா நம்பரும் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, இன்ஜின் மாத்தினா 14 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸுக்குத் தெரிவிச்சு, கட்டணம் கட்டி, ஆர்சியில புது நம்பரைப் பதியணும். வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ அனுமதி பத்தி கேட்டுக்கணும், முக்கியமா வேற மாடல், வேற எரிபொருள் இன்ஜின்னா. அதனால கூடிய வரைக்கும் அதே கம்பெனி, அதே மாடல்.

வண்டி மேல ஃபைனான்ஸ் இருந்தா முதல்ல அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க. மாத்தின பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிச்சு பாலிசியில திருத்துங்க. இதை விட்டா எஃப்சியிலயும் மாட்டுவீங்க, விபத்து க்ளெய்ம்லயும் மாட்டுவீங்க. இன்னொண்ணு: தேய்மானத்தால இன்ஜின் போனதுக்கு சாதாரண மோட்டார் பாலிசியில க்ளெய்ம் கிடையாது. "இன்ஷூரன்ஸ் இருக்கே"ன்னு நம்பி உட்காராதீங்க.

பழைய இன்ஜின் வாங்கினா அது எந்த வண்டியில இருந்து வந்ததுன்னு பேப்பரோட, பில்லோட வாங்குங்க. நம்பர் தேய்ச்ச இன்ஜின் எவ்வளவு சீப்பா கிடைச்சாலும் வேண்டாம். திருட்டு வண்டி இன்ஜின்னா பஸ்ஸும் போகும், நிம்மதியும் போகும்.

வரிப் பக்கம்

இங்கதான் என் வேலை. மூணு விஷயம்.

முதல்: பலர் "வண்டி பிசினஸ்தானே, 44ஏஇ"ன்னு நினைக்கிறாங்க. அது சரக்கு வண்டிக்கு மட்டும். பஸ்ஸுக்குக் கிடையாது. சின்ன பஸ் ஓனர் பெரும்பாலும் 44ஏடில வருவார்: வரவுல 8%, பேங்க் வழியா வந்த வரவுக்கு 6% லாபம்னு காட்டி வரி கட்டுறது. இதுல இருந்தா இன்ஜின் செலவைத் தனியா கழிக்க முடியாது, அந்த சதவீதத்துக்குள்ளயே எல்லாம் அடக்கம். "இந்த வருஷம் மட்டும் வெளிய வந்து செலவைக் காட்டலாம்"னு தோணும். வெளிய வந்தா அடுத்த 5 வருஷம் திரும்ப உள்ள வர முடியாது, கணக்குப் புத்தகம், ஆடிட்னு தனிச் செலவும் வரலாம். ஒரு இன்ஜினுக்காக அதைச் செய்றதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட பேசுங்க. இந்த எண்கள் 1961 சட்டத்தோடது. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025, அதுல பிரிவு எண்கள் வேற.

ரெண்டாவது: முறையா கணக்கு வச்சிருந்தா, இது ரிப்பேர் செலவா, புது சொத்தாங்கிற கேள்வி வரும். 1997-ல் பல்லிமல் நவல் கிஷோர் வழக்குல சுப்ரீம் கோர்ட் வச்ச அளவுகோல், இருக்கிற சொத்தைக் காப்பாத்துற செலவா, புதுசா ஒரு சொத்தை உருவாக்குற செலவாங்கிறது. 2007-ல் சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்குல, மில்லுல ரிங் ஃபிரேம் தனி மெஷின், அதை மாத்துறது ரிப்பேர் ஆகாதுன்னு சொன்னாங்க. பஸ்ஸுல இன்ஜின் தனியா ஓடி சம்பாதிக்காது, பஸ்தான் சொத்து. அதனால அதே வகை இன்ஜினை மாத்துறதை ரிப்பேர் செலவா காட்ட நல்ல வாதம் இருக்கு. வேற எரிபொருள், பெரிய இன்ஜின்னு தரம் ஏத்தினா கேள்வி வரலாம். அப்போ அது சொத்தாகி, வாடகைக்கு ஓடுற பஸ்ஸுக்கான 30% தேய்மானத்துல வருஷா வருஷம் கழியும்.

மூணாவது: ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல ₹10,000-க்கு மேல கேஷா கொடுத்த செலவை வரிக் கணக்குல ஏத்துக்க மாட்டாங்க. "பில் வேண்டாம்னா 18% ஜிஎஸ்டி மிச்சம், கேஷா கொடுங்க"ன்னு கடையில சொல்வாங்க. செலவுக் கழிவும் போகும், வாரண்டியும் போகும், ஆர்டிஓகிட்ட காட்ட பேப்பரும் இருக்காது.

உங்க பேர்ல லோன் எடுக்கிறதுக்கு முன்னாடி

₹2,50,000 பர்சனல் லோன், 14% வட்டி, மூணு வருஷம்னா ஈஎம்ஐ சுமார் ₹8,545. மொத்த வட்டி மட்டும் சுமார் ₹57,600. இன்ஜினோட விலையில இதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். அப்பாவோட ஃபைனான்ஸ் கம்பெனியில டாப் அப் கிடைக்குமான்னு முதல்ல கேளுங்க. பிசினஸ் கடன் பிசினஸ் பேர்ல இருக்கிறதுதான் எல்லா வகையிலயும் சுத்தம்.

உங்க பேர்லதான் எடுக்கணும்னா, அப்பாவுக்குக் கொடுக்கிறது அன்பளிப்பா, கடனான்னு அன்னைக்கே பேசிடுங்க. அன்பளிப்புன்னா அப்பாவுக்கு வரி கிடையாது, ஆனா நீங்க கட்டுற வட்டிக்கு உங்க சம்பளத்துல எந்தக் கழிவும் கிடையாது. கடன்னா பேங்க் வழியா மட்டும் கொடுங்க. ₹20,000 அல்லது அதுக்கு மேல கேஷா கடன் கொடுக்கல் வாங்கலே சட்டப்படி கூடாது. ஒரு பக்கத்துல எழுதிக் கையெழுத்து போட்டுக்கோங்க. அப்பா உங்களுக்கு வட்டி கொடுத்தா, அது அவர் பிசினஸ் செலவு. உங்களுக்கு அது வருமானம், அதுல இருந்து நீங்க கட்டின லோன் வட்டியைக் கழிக்க வாதம் இருக்கு. 44ஏடில இருந்தா அவருக்கு இந்தத் தனிக் கழிவும் இல்ல.

எமர்ஜென்சி ஃபண்டை முழுசா துடைச்சுடாதீங்க. பஸ் நின்ன மாசத்துல வீட்டுச் செலவும் உங்க தலையிலதான் விழும். குறைஞ்சது மூணு மாச வீட்டுச் செலவைத் தொடாம வச்சுட்டு, மிச்சத்தை மட்டும் இன்ஜினுக்குக் கொடுங்க.

அடுத்த இன்ஜினுக்கு இன்னைக்கே உண்டியல்

மேல ரெண்டாவது வழியில மாசம் ₹3,800னு வந்துச்சு பாருங்க. 26 நாளுக்கு வகுத்தா ஓடுற நாளுக்கு சுமார் ₹146. அதாவது பஸ் ஒவ்வொரு நாள் ஓடும்போதும் ₹146 மதிப்புக்கு இன்ஜின் தேயுது. ₹1,400 கையில நிக்குதுன்னு நினைச்சோமே, உண்மையில நிக்கிறது ₹1,254-தான். பல குடும்பங்கள் அந்த ₹146-ஐயும் சேர்த்துச் செலவு பண்ணிட்டு, ஆறு வருஷம் கழிச்சு மொத்தமா கடன் வாங்குறாங்க.

புது இன்ஜின் ஓடத் தொடங்கின மாசத்துல இருந்தே அப்பா பேர்ல மாசம் ₹3,800 ஆர்டி போடுங்க. அஞ்சு வருஷத்துல போட்ட பணம் மட்டும் ₹2,28,000, வட்டி தனி. ஈக்விட்டி ஃபண்டுல போடாதீங்க. இன்ஜின் போற அன்னைக்கு மார்க்கெட் எங்க இருக்கும்னு யாருக்கும் தெரியாது. பஸ் இல்லாதவங்களும் உங்க பைக், வீட்டு ஏசி, லேப்டாப்புக்கு இதே மாதிரி போட்டுப் பாருங்க.

கடைசியா, இன்ஜின் உட்கார்ந்த அன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர்ல இந்த அஞ்சு வரிக்கு பதில் எழுதுங்க:

- உண்மையிலேயே இன்ஜின்தான் போச்சுன்னு டெஸ்ட் பண்ணியாச்சா? ஏன் போச்சு?
- பஸ் நிக்கிற ஒரு நாளோட விலை எவ்வளவு?
- பஸ்ஸுக்கு இன்னும் எத்தனை மாசம் வாழ்க்கை?
- மூணு வழியில மாசத்துக்கு எது குறைவு?
- பணம் யார் பேர்ல, எந்த வழியா, என்ன வட்டியில?

இந்த அஞ்சுக்கும் பதில் எழுதின பிறகும் "நாமளே மாத்தலாம்"னு வந்தா, தைரியமா செயின் பிளாக்கை வாடகைக்கு எடுங்க. மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு நல்ல சாப்பாடும், நியாயமான கூலியும் மறந்துடாதீங்க. அவர் கூட இல்லாம இந்தக் கணக்கு எதுவுமே செல்லாது.

இது பொதுவான விளக்கம். உங்க வண்டி, உங்க வருமானம் வேற மாதிரி இருக்கும். முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்டயும் ஆர்டிஓ ஆபீஸ்லயும் ஒரு தடவை கேட்டுடுங்க. அடுத்த வாரம் சேனல்ல இதே கணக்கை எக்செல்ல போட்டுக் காட்டுறேன், அப்போ பார்ப்போம்.